சென்னைப் பெருநகர வட்டாரம்: இடம் தேடும் தொழில்நுட்ப நிறுவனத்தின் பார்வையில் ஒரு மதிப்புரை

அளவீட்டுக் கருவிகள் தயாரிக்கும் சிறு நிறுவனம் ஒன்றில் நிர்வாகப் பொறுப்பில் இருப்பதால், அலுவலகத்துக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் வாடகைக்கு இடம் பார்ப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. இடத்தரகு நிறுவனங்கள் கொடுக்கும் வண்ணக் கையேடுகளைப் புரட்டினால் சென்னை, பெங்களூரு, ஐதராபாத், புனே என்று ஊர்ப்பெயர்தான் மாறும். திறமையான மனிதவளம், உலகத்தரக் கட்டமைப்பு, ஒற்றைச் சாளர அனுமதி என்ற வாசகங்கள் மாறுவதே இல்லை. சதுர அடி வாடகை பெங்களூரைவிடப் பொதுவாகக் குறைவு என்பதைச் சென்னைக்கான கையேடுகள் கூடுதலாகச் சொல்கின்றன. அது உண்மைதான் என்றாலும், வாடகை குறைவு என்பதற்காக மட்டும் ஓர் ஊருக்கு வரும் நிறுவனம் அதைவிடக் குறைந்த வாடகை கிடைக்கும் ஊருக்கு ஒரு நாள் போய்விடும். சென்னைக்கு வந்த நிறுவனங்களில் பல போகாமல் இருப்பதற்கும், போனவை கூடத் தங்கள் பொறியாளர்களை இங்கேயே விட்டுச் சென்றதற்கும் காரணம் வேறு. அது எந்தக் கையேட்டிலும் அச்சாவதில்லை.

ஒரு பொருளை யோசிப்பது, வரைவது, கடைவது, சோதிப்பது, கப்பலில் ஏற்றுவது ஆகிய அத்தனையும் ஒரே நாளில் காரில் சுற்றி வரக்கூடிய தொலைவுக்குள் இங்கே நடக்கின்றன. இந்தியாவில் மென்பொருளில் சிறந்த ஊர்கள் உண்டு. தொழிற்சாலைகளில் சிறந்த ஊர்களும் உண்டு. இரண்டும் இவ்வளவு நெருங்கி, அவற்றோடு ஆய்வு நிறுவனங்களும் துறைமுகங்களும் சேர்ந்து அமைந்த பெருநகரம் எனக்குத் தெரிந்து சென்னைதான்.

இது ஓர் அரசாணையால் ஒரே நாளில் உருவானதன்று. 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கி, 1859-இல் பொறியியல் கல்லூரியாக உயர்ந்த கிண்டிக் கல்லூரி, மென்பொருள் என்ற சொல்லே பிறக்காத காலத்திலிருந்து பொறியாளர்களை உருவாக்கி வந்திருக்கிறது. 1948-இல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. 1955-இல் பெரம்பூரில் இரயில் பெட்டித் தொழிற்சாலை வந்தது. 1958-இல் கிண்டித் தொழிற்பேட்டையும், மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959-இல் ஐ.ஐ.டி.யும் வந்தன, அடுத்த பத்தாண்டில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தது. எண்ணூரில் லாரி, திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள், பாடியில் வாகன உதிரிபாகம் என்று வடக்கிலும் மேற்கிலும் ஆலைகள் பெருகின. அவற்றுக்கு வேலை செய்துகொடுக்கப் பிறந்த சிறு பட்டறைகள்தாம் இன்றைக்கும் இந்த வட்டாரத்தின் முதுகெலும்பு என்பது என் கருத்து.

அம்பத்தூர்ப் பேட்டையில் நாங்கள் வழக்கமாக வேலை கொடுக்கும் பட்டறை ஒன்று உண்டு. முன்புறம் இரண்டு பழைய லேத்கள், பின்புறம் கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் சி.என்.சி. இயந்திரங்கள், நுழைவாயிலில் குளிர்விப்பு எண்ணெயின் நெடி, மேசைமேல் நுண்ணளவு பார்க்கும் மைக்ரோமீட்டர்: இவ்வளவுதான் இடம். எங்கள் இளம் வடிவமைப்பாளர் ஓர் உணர்கருவியின் உறைக்கு வரைந்த ட்ராயிங்கைப் பட்டறை உரிமையாளர் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, உள்மூலைய இப்படிக் கூரா வெச்சா டூல் உள்ள போகாது. ரெண்டு எம்.எம். ஆர் குடுங்க. அப்புறம் இந்த டாலரன்ஸ் உங்களுக்கு நிஜமாவே வேணுமா? வேணும்னா கிரைண்டிங் போடணும், விலை டபுள் ஆயிடும்." 'ஆர்' என்பது மூலை வளைவின் ஆரம்; டாலரன்ஸ் என்பது அளவில் அனுமதிக்கப்படும் வேறுபாடு. சுழலும் வெட்டுக்கருவி வட்டமாக இருப்பதால், அது வெட்டும் உள்மூலையும் வட்டமாகத்தான் இருக்கும். எந்தப் பொறியியல் பாடநூலிலும் இருக்கும் இந்தச் செய்தியை, ட்ராயிங் கணினித் திரையில் இருக்கும்போதே சொல்லக்கூடிய ஆள் பக்கத்தில் இருப்பதால் ஒரு மாதிரிக்கான செலவும் ஒரு வாரமும் மிச்சமாகின்றன. திருத்திய ட்ராயிங்கை அங்கேயே அமர்ந்து அனுப்பினோம். வேறொரு நகரத்தில் இதே வேலைக்கு மின்னஞ்சலும் கூரியரும் மாறி மாறி ஓடியிருக்கும்.

மின்னணு உதிரிகளுக்கும் இதே கதைதான். அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சித் தெருவின் நெரிசலையும் விலைப் பேரத்தையும் குறை சொல்பவர்கள் உண்டு. பெருமளவில் வாங்க அது இடமும் அன்று. ஆனால் சோதனை மேசையில் ஒரு மின்தேக்கி எரிந்துபோன பிற்பகலில், மாலைக்குள் மாற்று கிடைக்கும் ஊர்கள் இந்தியாவில் அதிகமில்லை.

இனித் தரமணி. 2000-ஆம் ஆண்டு ஜூலை 4 அன்று அன்றைய பிரதமர் வாஜ்பாயி திறந்துவைத்த டைடல் பூங்கா, 13 தளங்களும் சுமார் 12.8 லட்சம் சதுர அடிப் பரப்பும் கொண்டு, அப்போது நாட்டின் மிகப் பெரிய தகவல் தொழில்நுட்ப வளாகங்களுள் ஒன்றாக இருந்தது. பழைய மாமல்லபுரம் சாலை, தகவல் தொழில்நுட்பச் சாலை என்று அறியப்படும் இன்றைய ராஜீவ் காந்தி சாலையாக மாறியதற்கு அதுவே பிள்ளையார் சுழி. ஆனால் அறிவியல் சார்ந்த நிறுவனம் ஒன்றுக்கு டைடலைவிட அதைச் சுற்றியிருப்பவை முக்கியம். சில கிலோமீட்டர் வட்டத்துக்குள் கணித அறிவியல் நிறுவனம், கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம், சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், மின்காந்த ஒவ்வுமைச் சோதனைகளைச் செய்துதரும் சமீர் மையம் ஆகியவை இருக்கின்றன. திருவான்மியூரில் மத்திய அரசின் மின்னணுச் சோதனை மையம் இயங்குகிறது. சற்றுத் தெற்கே பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் உள்ளது. ஒரு கருவி பக்கத்திலிருக்கும் கருவியைக் குழப்பாமலும் அதனால் குழம்பாமலும் இயங்குகிறதா என்று பார்க்கும் இந்த மின்காந்த ஒவ்வுமைச் சோதனைக்குத் தனி அறையும் விலையுயர்ந்த ஏற்பாடுகளும் தேவை. சிறு நிறுவனம் அதைச் சொந்தமாக வைத்துக்கொள்ள இயலாது. சோதனையில் தவறிய கருவியை ஆட்டோவில் அலுவலகத்துக்கு எடுத்துவந்து, கவசத்தைத் திருத்தி, மீண்டும் கொண்டுபோய்க் காட்டும் வசதியின் அருமை, அதற்காக விமானம் ஏறியவர்களுக்குத்தான் தெரியும்.

தரமணியில் என் கணிப்பில் முதலிடம் பெறுவது ஐ.ஐ.டி. ஆய்வுப் பூங்கா. 2010-இல் செயல்படத் தொடங்கிய இது, பல்கலைக்கழகம் ஒன்றைச் சார்ந்து இந்தியாவில் அமைந்த முதல் ஆய்வுப் பூங்கா. மொத்தப் பரப்பு ஏறத்தாழ 12 லட்சம் சதுர அடி. இங்கே பணம் மட்டும் கொடுத்து இடம் பெற்றுவிட முடியாது. உள்ளே வரும் நிறுவனம் ஐ.ஐ.டி.யோடு சேர்ந்து எவ்வளவு வேலை செய்கிறது என்பது புள்ளிகளாகக் கணக்கிடப்படுகிறது. மாணவர்களைப் பயிற்சிக்கு எடுப்பது, பேராசிரியர்களிடம் ஆலோசனை பெறுவது, கூட்டாக ஆய்வு நடத்துவது போன்றவற்றுக்குப் புள்ளிகள் உண்டு. வெறும் நல்ல முகவரிக்காக வருபவர்களை வடிகட்ட இதைவிட நாகரிகமான வழி எனக்குத் தோன்றவில்லை. கணக்கு எழுதும் பிரிவையும் வாடிக்கையாளர் அழைப்பு மையத்தையும் வைத்துக்கொள்ள நினைக்கும் நிறுவனங்கள் இந்த ஏற்பாட்டைத் தொல்லையாகக் கருதும். கருதட்டும், அவர்களுக்கு இந்தச் சாலையில் வேறு கட்டடங்கள் நிறையவே இருக்கின்றன.

இதன் பயனுக்கு ஒரு சான்று அக்னிகுல் காஸ்மோஸ். ஐ.ஐ.டி.யில் வளர்ந்த அந்த நிறுவனம் தன் ராக்கெட் என்ஜினை ஒரே துண்டாக முப்பரிமாண அச்சில் உருவாக்குகிறது. அச்சிடும் கூடம் ஆய்வுப் பூங்காவிலேயே இருக்கிறது. ஏறத்தாழ 100 கி.மீ. வடக்கே உள்ள ஸ்ரீஹரிகோட்டாவில் அமைத்த தனது சொந்த ஏவுதளத்திலிருந்து 2024 மே 30 அன்று அந்த என்ஜினை வைத்துத் தன் முதல் சோதனை ராக்கெட்டை அது வெற்றிகரமாக ஏவியது. ராக்கெட் என்ஜினை அச்சிடும் கூடத்துக்கும் அது பறக்கும் இடத்துக்கும் இடையே ஒரு லாரிப் பயணம்தான் என்பது உலகின் பல விண்வெளி நிறுவனங்களுக்குக் கிட்டாத வசதி.

எதிர்ச்சான்றையும் சொல்லிவிட வேண்டும். மின்சார ஸ்கூட்டர் தயாரிக்கும் ஏத்தர் எனர்ஜி இதே ஐ.ஐ.டி. வளாகத்தில் 2013-இல் தொடங்கியதுதான். பின்னர் அது பெங்களூருக்குச் சென்றுவிட்டது. ஆலையை மட்டும் ஓசூரில் வைத்தது. முதலீட்டாளர்களும், புதுப்பொருளை வாங்கிப் பார்க்கத் துணியும் வாடிக்கையாளர்களும், வேலை மாறத் தயங்காத இளைஞர்களும் பெங்களூரில் அடர்த்தியாக இருக்கிறார்கள். 2010-இல் சென்னையில் பிறந்த ஃபிரெஷ்வொர்க்ஸும் 2021-இல் நாஸ்டாக் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டபோது அதன் தலைமையகம் கலிபோர்னியாவில் இருந்தது. சென்னை நன்றாக வளர்த்துவிடும் ஊர். தலைமையகத்தைக் கட்டிப்போடும் வித்தையை அது இன்னும் கற்கவில்லை.

மென்பொருள் பக்கத்தில் நான் நீண்டு பேசப் போவதில்லை, அது பலரும் எழுதிய செய்தி. காக்னிசன்ட் 1994-இல் இங்கே தொடங்கியது. இன்றைய சோஹோ 1996-இல் வேறு பெயரில் தொடங்கியது. கல்லூரிப் பட்டம் இல்லாத மாணவர்களைப் பள்ளிப் படிப்பு முடிந்ததும் எடுத்துப் பயிற்சி தரும் திட்டத்தைச் சோஹோ 2005 முதல் நடத்திவருகிறது. அதை நான் குறிப்பிடக் காரணம், இந்த வட்டாரத்தின் மனிதவளம் ஐ.ஐ.டி. பட்டதாரிகளோடு முடிந்துவிடுவதில்லை என்பதே. பாலிடெக்னிக் படித்த டிப்ளமோக்காரர்களும் ஐ.டி.ஐ. முடித்த பிட்டர்களும் இல்லாவிட்டால் எங்கள் நிறுவனம் ஒரு வாரம்கூட ஓடாது. அத்தகைய ஆட்களை வேலைக்கு எடுத்தால் அவர்கள் நின்று வேலை செய்கிறார்கள் என்பது என் அனுபவம். மற்றொன்று கடலடிக் கம்பிவடம். 2002-இல் சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்த வடத்தில் தொடங்கி, இந்தியாவில் மும்பைக்கு அடுத்தபடி இத்தகைய வடங்கள் அதிகம் கரையேறும் இடங்களில் ஒன்றாகச் சென்னை ஆகியிருக்கிறது. அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் தரவு மையங்கள் வரிசையாக எழுவதற்கு இதுவே முதற்காரணம்.

மேற்கே, திருப்பெரும்புதூர், ஒரகடம் பக்கம் போனால் காட்சி மாறும். 1990-களின் பிற்பகுதியில் மறைமலை நகரில் ஃபோர்டும் இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாயும் ஆலை அமைத்தன; ரெனோ-நிசான், டைம்லர், பி.எம்.டபிள்யூ. ஆகியவை தொடர்ந்தன. ஆலை வந்தால் அதைத் தொடர்ந்து வடிவமைப்பு மையமும் வருவதுதான் இங்கே கவனிக்கத்தக்கது. செங்கல்பட்டுக்கு அருகே மஹிந்திரா நிறுவனம் தன் வாகன ஆராய்ச்சி வளாகத்தை 2012-இல் திறந்தது. ஒரகடத்தில் வாகனச் சோதனைக்கென்றே அரசின் மையம் ஒன்று உண்டு. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தபோதும், சென்னையிலிருந்த அதன் பொறியியல், தொழில்நுட்ப அலுவலகம் தொடர்ந்து இயங்கியது. முன்பு குறிப்பிட்டேனே, பொறியாளர்களை விட்டுச் சென்ற நிறுவனம், அது இதுதான்.

நோக்கியா இன்னும் கூர்மையான பாடம். 2006-இல் திருப்பெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கி, உலகின் மிகப் பெரிய கைப்பேசி ஆலைகளுள் ஒன்றாக வளர்ந்த அது, 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். பல ஆண்டுகள் கழித்து அதே வளாகத்தைச் சால்காம்ப் என்ற மின்னூட்டி தயாரிக்கும் நிறுவனம் எடுத்துக்கொண்டது. இன்று அதே வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் ஐபோன்களை ஒருங்கிணைக்கிறது. கட்டடம் காத்திருந்தது என்பதைவிட, நுண்பாகங்களைக் கையாளப் பழகிய கைகளும், வரிசை மேற்பார்வையாளர்களும், சுங்க ஆவணங்களை அறிந்த முகவர்களும் ஊரில் இருந்தார்கள் என்பதே மறுவருகைக்குக் காரணம் என்று நினைக்கிறேன். இதற்காக அத்தொழிலாளர்கள் கொடுத்த விலையும் சிறிதன்று. 2021 டிசம்பரில் விடுதி உணவு நஞ்சானதால் ஃபாக்ஸ்கானின் பெண் தொழிலாளர்கள் நெடுஞ்சாலையை மறித்தார்கள். 2024-இல் சாம்சங் ஆலையில் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. 18,720 பேர் தங்கக்கூடிய விடுதி வளாகம் வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது நல்ல தொடக்கம். தங்குமிடத்தையும் உணவையும் ஒப்பந்ததாரர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடும் நிறுவனத்துக்கு இந்த வட்டாரம் நீண்டகாலம் பொறுமை காட்டாது. அது சரியானதும்கூட.

குறைகளுக்கு வருகிறேன். முதற்குறை தண்ணீர், அதுவும் இரு வகையில். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் பெய்த மழையிலும், செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரிலும் அடையாற்றங்கரை மூழ்கியது. மீனம்பாக்கம் விமான நிலையமே சில நாள்கள் மூடப்பட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளில் மீண்டும் படகு ஓடியது. தகவல் தொழில்நுட்பச் சாலையின் வளர்ச்சி முழுவதும், தென்சென்னையின் மழைநீரைத் தாங்கிக் கடலுக்கு அனுப்பும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் விளிம்பைக் கடித்துக் கடித்து நடந்த வளர்ச்சி. 2022-இல் அதற்கு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி கிடைத்தது. மிஞ்சியிருப்பது பழைய பரப்பில் ஒரு சிறு பகுதியே. நேர்மாறாக, 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் வறண்டபோது, இதே சாலையின் நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னது கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லாததால். மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் நிலைமையைச் சற்றுத் தேற்றியிருக்கின்றன. ஆயினும் பல கட்டடங்கள் லாரித் தண்ணீரை நம்பித்தான் ஓடுகின்றன. நாங்கள் முன்பு வாடகைக்கு இருந்த ஒரு கட்டடத்தில், மின்வெட்டுக்காக வைத்த ஜெனரேட்டரை அடித்தளத்தில் இறக்கியிருந்தார்கள். கனமழையில் மின்சாரம் போனதும், ஜெனரேட்டர் தண்ணீருக்குள் இருந்ததும் ஒரே வேளையில் நிகழ்ந்தன. பராமரிப்புக் கட்டணம் மட்டும் அந்த மாதமும் தவறாமல் வசூலிக்கப்பட்டது.

இரண்டாவது குறை போக்குவரத்து. பறக்கும் ரயில் 2007-இல் வேளச்சேரியை எட்டியது. பரங்கிமலையோடு இணைக்க வேண்டிய ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் இழுத்துக்கொண்டே போன கதை சென்னைவாசிகளின் நிரந்தர நகைச்சுவை. அந்த ரயிலில் வருபவர்களுக்குத் திருவான்மியூர் நிலையத்திலிருந்து டைடல் நடக்கும் தொலைவே. அதற்குத் தெற்கே பெருங்குடியைத் தாண்டிவிட்டால் பேருந்தும் பங்கு ஆட்டோவும் நிறுவனப் பேருந்தும்தான். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை 45.4 கி.மீ. நீளும் மெட்ரோவின் மூன்றாம் வழித்தடம் இயங்கத் தொடங்கும்போது நிலைமை தலைகீழாக மாறும். கட்டுமானத்துக்காகச் சாலையின் நடுப்பகுதி அடைக்கப்பட்டிருக்கும் காலத்தில் சோழிங்கநல்லூர்ச் சந்திப்பைக் காலை ஒன்பது மணிக்குக் கடப்பவருக்கு அது ஆறுதலாகாது. விமான நிலையமும் ஊருக்குள் நெருக்கப்பட்டுக் கிடக்கிறது. 2022-இல் அறிவிக்கப்பட்ட பரந்தூர்த் திட்டத்தை ஏகனாபுரம் உள்ளிட்ட ஊர்களின் விவசாயிகள் எதிர்த்துவருகிறார்கள். ஏரிகளையும் வயல்களையும் இழந்து கிடைக்கும் ஓடுபாதையால், மேலே சொன்ன வெள்ளப் பிரச்சினை கூடுமா குறையுமா என்று அவர்கள் எழுப்பும் கேள்வியை நிறுவனங்களும் கேட்க வேண்டும்.

ஆக, முழுக்க மென்பொருள் மட்டும் செய்து, விரைவாக முதலீடு திரட்டி, விரைவாக விற்றுவிட நினைப்பவர்களுக்கு நான் பெங்களூரையே சொல்வேன். கையில் தொடக்கூடிய எதையாவது செய்பவர்களுக்கு, அது கருவியோ வாகனமோ ராக்கெட்டோ, சென்னை வட்டாரத்துக்கு இந்தியாவில் இணையில்லை. அவர்களிலும் இருபது பேருக்கு உட்பட்ட குழுவாக இருந்தால் ஆய்வுப் பூங்காவின் தொழில்முனைவு வளர்ப்பகத்தை முதலில் அணுகலாம். அங்கே இடம் கிடைக்காவிட்டால் கிண்டித் தொழிற்பேட்டையின் பழைய கட்டடங்களைப் பார்க்கலாம். அவை பளபளப்பாக இல்லை, ஆனால் மெட்ரோவும் புறநகர் ரயிலும் கிண்டியில் சந்திக்கின்றன; அம்பத்தூருக்கு உள்வட்டச் சாலை நேரே போகிறது. பட்டாபிராமில் 2024 நவம்பரில் திறந்த 21 தள டைடல் பூங்கா, வடமேற்கில் வீடுள்ள ஊழியர்களை உடைய நிறுவனங்களுக்குப் பொருந்தும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் கட்டட உரிமையாளரிடம் ஜெனரேட்டரும் மின்மாற்றியும் எந்தத் தளத்தில் இருக்கின்றன, 2015-இலும் 2023-இலும் வாசலில் தண்ணீர் எவ்வளவு நின்றது, லாரித் தண்ணீரின் செலவு பராமரிப்புக் கட்டணத்துக்குள் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு அவர் தயங்கினால், எதிர்ப்புறத்து டீக்கடையில் கேளுங்கள். தண்ணீர் எந்தப் படி வரை ஏறியது என்று சுவரைக் காட்டியே சொல்வார்கள்.